சூளைக்குப் போன அடிச்சட்டம்

தம்பிமாரே, போன கிழமை நீங்கள் வேலை செய்கிற கராச்சுக்கு நான் வந்தபோது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பவுடர் பூச அனுப்பும் முன் என்ன பார்ப்பீர்கள் என்று. துரு என்றீர்கள். மூன்று பேரும் ஒரே பதில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துரு கண்ணுக்குத் தெரியும். தெரிகிறதைப் பார்க்க எங்களைப் போல ஆட்கள் தேவையில்லை.

தொண்ணூற்றி நான்கில் எனக்குப் பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் இருந்தது. அதற்குக் கராச் என்று பெயர். நான்கு மரத்தூண், மேலே கிடுகு. கரண்ட் நின்று நான்கு வருடம். பெற்றோல் இல்லை. ஒரு மூடி பெற்றோல் ஊற்றி ஸ்ரார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் கார் ஓடியது. சண்டைக் காலம், பொருளாதாரத் தடை. வெல்டிங் குச்சி, பற்றரி, ஒன்றும் இராணுவம் மறித்து நின்ற வவுனியா தாண்டி வராது. ஒரு நட்டுக்காக இரண்டு நாள் சைக்கிள் ஓடியிருக்கிறேன். அப்படியான காலத்தில் ஒருவர் வந்து எனக்குப் பவுடர் கோட்டிங் செய்து தா என்று நின்றார்.

உருத்திரபுரத்து ஓவசியர். நீர்ப்பாசனத்தில் இருந்து பென்சன் எடுத்தவர். எல்லாரும் ஓவசியர் ஐயா என்போம். அவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு பேர்தான் இருக்கலாம். கூரை கிடையாது. சிவப்பு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குப் போகும்போது விற்றது. அதில்தான் வாய்க்கால் பார்க்கப் போவாராம். வயலில் நிற்கிற சனம் நாற்றை விட்டுவிட்டு வரம்பில் ஏறி நின்று பார்க்குமாம். இதை எனக்கு மட்டும் ஐம்பது தடவை சொல்லியிருப்பார்.

கார் ஆறு வருடம் வைக்கோல் போர் பக்கத்தில் கிடந்தது. மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாக்கியதும் ஐயாவுக்கு அது நினைவு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் புதுக்குடியிருப்பு. தாலி கட்டி முடிய பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வீட்டுக்குக் கால்மாறிப் போக வேண்டும். அந்தக் காரில்தான் போவார்கள் என்று அவர் மாப்பிள்ளை வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. காரிடமும் கேட்கவில்லை.

வேலையை எடுத்தேன். உடலைக் கழற்றினோம். எஞ்சினை இறக்கினோம். உடலுக்குத் தகரம் வைத்து ஒட்டுப் போட்டு முடித்தேன். எஞ்சினும் சரி. அடிச்சட்டம்தான் மிச்சம். அதற்குக் கறுப்புப் பெயின்ற் அடிக்கலாம் என்று இருந்தேன். அன்றைக்குத்தான் அவர் ஒரு கடிதத்தோடு வந்தார். ஜேர்மனியில் இருந்த அவருடைய அக்கா மகன் போட்டது. உள்ளே ஒரு கலர்ப் படம்.

“பாஸ், உதைப் பாரும்.” கைவேலை தெரிந்த மெக்கானிக் என்றால் எங்கள் பக்கம் பாஸ்தான்.

பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஓர் அடிச்சட்டம். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

“உது பெயின்ற் இல்லை. பவுடர். தூளா அடிச்சு, அவிச்சு எடுக்கிறது. சாகும் வரைக்கும் துரு பிடியாதாம்.”

“என்னத்தில ஐயா அவிக்கிறது?”

“அதை நீர்தான் யோசிக்கோணும். நீர்தானே பாஸ்.”

“ஒரு பேணி கறுப்புப் பெயின்ற் வைச்சிருக்கிறன். ரண்டு தரம் அடிச்சா வடிவா இருக்கும்.”

“கறுப்பை ட்ரக்டர் பெட்டிக்கு அடியும்.”

அவ்வளவுதான். ஐயாவிடம் வேண்டாம் என்று சொல்வது சேற்றில் சைக்கிள் தள்ளுவது போன்றது. களைப்பு மட்டும் மிஞ்சும்.

பவுடர் கொழும்பிலிருந்து வர ஆறு கிழமை எடுத்தது. மூன்று மா பேணிகளில் அவருடைய சகலன் கொண்டு வந்தார். வவுனியாத் தடையில் பேணியைத் திறந்து இது என்ன என்று கேட்டார்களாம். கோலமா என்றாராம். சாம்பல் நிறத்தில் கோலமா என்று கேட்டார்களாம். எங்கட பக்கம் செத்த வீட்டுக்கு இதுதான் போடுறது என்றாராம். விட்டுவிட்டார்கள். கலியாணத்துக்கு வந்த பவுடர் செத்த வீட்டுக் கோலமாகத்தான் தடை தாண்டியது.

அந்த ஆறு கிழமையும் எனக்குத் தலையிடி. கலியாண நாள் நகராது. பவுடர் வராமல் அடிச்சட்டம் முடியாது. அடிச்சட்டம் முடியாமல் ஒன்றையும் ஏற்ற முடியாது. பெயின்ற் அடிக்கவும் விடமாட்டார்.

இந்த இடத்தில் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

காத்திருந்த நாட்களில் அடிச்சட்டத்தைச் சுரண்டினேன். உடைந்த வாள் அலகு, ஆற்று மணல், தேங்காய்த் தும்பு. ஒன்பது நாள். கை தோல் உரிந்தது. சுரண்டி முடித்து வெறும் இரும்பு தெரிந்ததும் சின்னச் சுத்தியலால் ஓரமாகத் தட்டிக்கொண்டு வந்தேன். நல்ல இரும்பு மணி போலச் சத்தம் தரும். வலப்பக்கம் முழுவதும் தந்தது. இடப்பக்கம் பின்னால் இருந்து தட்டி வந்தேன். தந்தது. முன்னால், சக்கரச் சில்லைப் பிடிக்கிற இடத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது சத்தம் செத்தது. தொக்கு என்றது.

நின்றேன். திரும்பத் தட்டினேன். தொக்கு.

ஓவசியர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். தினமும் வருவார். காலையில் வந்தால் மத்தியானம்தான் போவார்.

“என்ன பாஸ், மேளமே பழகுறீர்?”

“இதில சத்தம் சரியில்லை, ஐயா.”

“உதுக்கை எத்தினை வருசத்துச் சேறு கிடக்கும். நான் வாய்க்காலுக்கை விட்ட கார். சத்தம் எப்பிடி வரும்?”

கை வைத்துத் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. சட்டம் பெட்டி போல உள்ளே கோறை. சேறு நிறைந்திருந்தால் சத்தம் செத்துத்தான் கேட்கும். அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கும் அந்தக் காரணம் பிடித்திருந்தது. ஒன்பது நாள் சுரண்டியவனுக்கு எந்தக் காரணமும் பிடிக்கும். ஒரு அரத்தை எடுத்து அந்த இடத்தில் நான்கு இழுப்பு இழுத்திருந்தால் தெரிந்திருக்கும். இழுக்கவில்லை.

சுத்தியலை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். பிழை அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்த அலைச்சல்.

பவுடர் வந்தபோது கலியாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று அவர்கள் வீட்டில் பொன்னுருக்கல், தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு; அது முடிந்தால் பெண் படலை தாண்டக்கூடாது. பந்தல் கால் நட்டாயிற்று. அடுத்த நாள் அவிப்பது என்று முடிவு. பிறகு மூன்று நாளில், கழற்றியதை எல்லாம் திரும்பப் பூட்ட வேண்டும். நான்கு பேர் நின்றால் முடியும் என்று நினைத்தேன்.

எதில் அவிப்பது? பேக்கரிப் போறணைக்குள் பாண்தான் போகும், கார் போகாது. உருத்திரபுரத்தில் ஒரு செங்கல் சூளை வேலையில்லாமல் கிடந்தது. அங்கே நீளமாகக் கிடங்கு வெட்டி, இரண்டு பக்கமும் கல் அடுக்கி, மேலே தகரம் மூடினேன். கிடங்கில் பாலை விறகு எரித்துத் தணலாக்கினேன். சூடு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பேக்கரிக்காரரைக் கூட்டி வந்தேன். மலைநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறியவர். அவரைவிடச் சூடு தெரிந்த ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு பிடி மாவைப் போறணைக்குள் எறிவார். அது நிறம் மாறுவதற்குள் எத்தனை எண்ணுகிறாரோ அதுதான் அவருடைய கணக்கு.

பவுடரை விசிறி அடிக்கிற கன், அந்தத் துவக்கும் என்னிடம் இல்லை. இரும்பைச் சுட வைத்து, சூட்டோடு வெளியே எடுத்து, மேலே தூவினால் ஒட்டிக்கொள்ளும் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். தூவுவதற்கு ஓவசியர் வீட்டில் இருந்து மா அரிக்கும் அரிதட்டு வந்தது. பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தவர்களிடம் பறித்து வந்தாராம். அவர் மனைவி பின்னால் நின்று ஏசியது ஒழுங்கை முடியும் வரை கேட்டதாம்.

அடிச்சட்டத்தைச் சங்கிலி போட்டுக் கிடங்குக்குள் இறக்கினோம். காத்திருந்தோம். பேக்கரிக்காரர் மாவை எறிந்தார். எண்ணினார்.

“பாணுக்குச் சரிங்க.”

தூக்கினோம். அரிதட்டால் தூவினேன். சாம்பல் தூள் ஒட்டியது. இறக்கினோம். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் விட்டுத் தூக்கினால், அரைவாசி உருகி அரைவாசி உருகாமல் தேமல் பிடித்தது மாதிரி இருந்தது.

ஓவசியர் கடிதத்துப் படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இப்பிடியே இருக்கு? சூடு காணாது. இன்னும் போடும்.”

“ஐயா, இதுக்கு மேல போட்டா பாண் கரிஞ்சிருங்க” என்றார் பேக்கரிக்காரர்.

“நான் பாண் கேக்கேல்லைக் காணும். இரும்பு கேக்கிறன்.”

விறகு போட்டோம். காற்று விசிறினோம். பேக்கரிக்காரர் மாவை எறிந்தார். எறிந்தவுடன் கறுத்தது. அவர் எண்ணவே இல்லை. என்னைப் பார்த்தார். நான் ஓவசியரைப் பார்த்தேன். ஓவசியர் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கலியாண முகமாக இருந்தது.

சொல்லத்தான் வேண்டும், அந்த முறை பவுடர் உருகிப் பரந்தது. தகர இடுக்கால் பார்த்தேன். படத்தில் இருந்ததைவிட வடிவு. இப்போதும் எனக்கு அது நினைவில் இருக்கிறது. கரண்ட் இல்லாமல், துவக்கு இல்லாமல், அரிதட்டால் செய்தது.

அப்போது பேக்கரிக்காரர் குனிந்து கிடங்கைப் பார்த்தார்.

“அண்ணே, வெள்ளி மாதிரி ஒண்ணு ஒழுகுதுங்க.”

“பவுடராயிருக்கும்.”

“பவுடர் சாம்பல்ங்க. இது மினுங்குது.”

குனிந்தேன். முன் இடப்பக்கத்தில் இருந்து ஒரு துளி நீண்டு தணலில் விழுந்தது. பின்னால் இன்னொன்று. அது ஈயம்.

தூக்கச் சொன்னேன். தூக்கி ஆறவிட்டோம். அந்தத் தொக்கு என்ற இடத்தில் இருந்த வழவழப்பு முழுவதும் போயிருந்தது. யாரோ ஒருவன், எந்தக் காலத்திலோ, வெடித்த இடத்தில் ஈயத்தை ஊற்றி, அரம் போட்டு, தடவினால் தெரியாதபடி மூடியிருக்கிறான். ஈயம் இரும்பைப் பிடிக்காது. பார்வைக்குத்தான். இப்போது ஈயம் போக, என் நடுவிரல் நீளத்துக்கு வெடிப்பு வாய் திறந்து கிடந்தது. சரியாக முன் சில்லைப் பிடிக்கிற கைக்கு மேலே.

செய்தவனைத் திட்டினேன். நிறையத் திட்டினேன். பிறகு நிறுத்தினேன். ஒன்பது நாள் அதைத் தடவியவன் நான்தான்.

ஓவசியர் வந்து பார்த்தார். முதலில் பவுடரைத்தான் பார்த்தார்.

“அருமை, பாஸ். அருமை. உது என்ன, உந்த இடத்தில மட்டும் பிடிக்கேல்லை?”

“வெடிச்சிருக்கு, ஐயா.”

“எங்கை? உதே? மயிர்க்கோடு. கொஞ்சம் மக்குப் பசை வைச்சு அடைச்சுப் பவுடரைத் தூவி விடும்.”

“மக்கு பிடிக்காது. தட்டு வைச்சு ஆணி அறையோணும். வெல்டிங் இல்லை. கையால துளை போடோணும். குறைஞ்சது ஒரு கிழமை.”

“நாலு நாளில கலியாணம்.”

“தெரியும்.”

“வாக்குக் குடுத்தாச்சு.”

“அதுவும் தெரியும்.”

“இருவது மைல். மெல்லமாப் போவினம். இவ்வளவு காலமும் உதோடதானே ஓடினது?”

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். எல்லாரும் கேட்பார்கள். இவ்வளவு காலம் ஓடியது உண்மை. இனி ஓடும் என்பதற்கு அது காரணம் இல்லை. ஒரு வெடிப்பு ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் வளரும். பரந்தன் ரோட்டில் குழியைத் தவிர வேறு என்ன இருந்தது?

“நான் பூட்டமாட்டன், ஐயா.”

அவர் என்னோடு எப்போதும் நீர் என்றுதான் கதைப்பார். அன்றைக்கு முதல் தடவையாக அது போனது.

“நீ பூட்டாட்டி என்ன, சந்தியில வேற பாஸ்மார் இல்லையோ? ரண்டு நாளில பூட்டித் தருவன் எண்டு ஒருத்தன் போன மாசமே கேட்டவன். நாளைக்குக் காலமை சேசிஸை என்ர வீட்டை கொண்டு வந்து இறக்கு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

நான் வீட்டுக்குப் போனேன். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி அவர் பாடு என்று நினைத்தேன். மனுசி தேத்தண்ணி தந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்புக்குப் போய்த் திரும்பி வந்து நின்றாள்.

“அப்ப மற்றவன் பூட்டுவான். அந்தப் பிள்ளை ஏறுவாள்.”

“நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்தானே.”

“ஓம். நீங்கள் சொல்லிப்போட்டியள். குடியுங்கோ, ஆறப்போகுது.”

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. அவள் சொன்னது சரியாக இருந்தபடியால். மாட்டேன் என்று சொன்னால் நம் கை சுத்தம். சில்லு சுத்தமில்லை. சந்தி ஆள் வெடிப்பைக் கண்டிருக்கமாட்டான். மக்கு வைத்துத் தூவிக் கொடுத்தால் காணவும் முடியாது. நான் விலகினால் அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளும் விலகினதாகும்.

காலையில் வண்டிலைப் பிடித்தேன். பேக்கரிக்காரரும் கை கொடுக்க வந்தார். சூளையடியில் கிடந்த சட்டத்தை ஏற்றிக்கொண்டு ஓவசியர் வீட்டுக்குப் போனோம். முற்றம் முழுக்கப் பந்தல். வாழைக்குலை ஒரு பக்கம், கிடாரம் ஒரு பக்கம். பெண்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஓவசியர் பின்பக்கம் வைக்கச் சொன்னார். பின்பக்கம் சேறு ஐயா, பவுடர் பழுதாகும் என்றேன். பவுடர் என்றதும் சரி என்றார். பந்தலுக்கு நடுவில் இறக்கினோம். நான் அதைத் தலைகீழாக வைத்தேன். வெடித்த பக்கம் வீட்டு வாசலைப் பார்க்கும்படி வைத்தேன்.

பிறகு போகாமல் நின்றேன். கயிறு சுற்றினேன். திரும்ப அவிழ்த்தேன். திரும்பச் சுற்றினேன். பேக்கரிக்காரரும் ஒரு கயிற்றைப் பிடித்துச் சுற்றினார்.

மகள் வெளியே வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற பிள்ளை. இரண்டு கையிலும் மருதோன்றி அப்பி, கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள்.

“பொன்னுருக்கின பிள்ளை. உள்ளுக்குப் போ” என்றார் ஓவசியர்.

“படலை தாண்டேல்லை அப்பா. முத்தத்திலதானே நிக்கிறன்.” என் பக்கம் திரும்பினாள். “அண்ணை, ஏன் தலைகீழா வைச்சிருக்கிறியள்?”

“பாக்கத்தான், தங்கச்சி.”

“ஆர் பாக்க?”

“ஏறுற ஆள்.”

ஓவசியர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும். அவள் குனிந்தாள். கணக்கு ரீச்சர் அல்லவா, பார்க்க வேண்டிய இடத்தை உடனே கண்டுவிட்டாள்.

“இது எதைப் பிடிக்கிறது?”

“முன் சில்லை. இடப்பக்கம். மாப்பிள்ளை ஓடினா நீங்கள் இருக்கிற பக்கம்.”

“விட்டா?”

“சில்லு உள்ளுக்கு மடங்கும். கார் அந்தப் பக்கம் பிரளும்.”

“எத்தினை நாளைக்குப் பிடிக்கும்?”

“தெரியாது. புதுக்குடியிருப்பு மட்டும் பிடிக்கலாம். சந்தியில விடலாம்.”

“உவர் பெரிசாக்கிறார், பிள்ளை” என்றார் ஓவசியர். “மேலால ஒரு கோடு. சூட்டுக்கு வந்தது. பழைய இரும்பெல்லாம் உப்பிடித்தான்.”

“மேலால எண்டா உள்ளுக்கு ஒண்டும் போகாதுதானே அப்பா?”

“எப்பிடிப் போகும்?”

“என்ர கையில மருதோன்றி. தலையில கிளிப் இருக்கு. எடுத்து உதுக்கை விட்டுப் பாருங்கோ.”

சனம் பலகாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தது. அவரால் மறுக்க முடியவில்லை. அவள் தலையிலிருந்து கிளிப்பை எடுத்தார். குனிந்தார். முனையை வைத்தார். தடக்கும் என்று நினைத்திருப்பார். தடக்கவில்லை. பாதி போனது. அவர் கையை எடுக்க நினைத்தார்போல, விரல் தளர்ந்தது. கிளிப் முழுவதும் உள்ளே போய் டிங் என்று விழுந்தது.

எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும்.

“போயிருச்சுங்க” என்றார் பேக்கரிக்காரர், மெல்லமாக.

அவள் நிமிர்ந்தாள். “நான் ட்ரக்டரில போறன், அப்பா.”

“ட்ரக்டரிலயோ? அவையள் என்ன சொல்லுவினம்?”

“ட்ரக்டரில வந்தவள் எண்டு சொல்லுவினம். வந்தவள் எண்டுதானே சொல்லுவினம்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஓவசியர் குனிந்தபடியே நின்றார். வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “உதைத் திருப்பிக் கொண்டு போம்” என்றார். நீர் திரும்பி வந்துவிட்டது. ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ட்ரக்டர் பெட்டியில் பாய் விரித்து, நான்கு மூலையிலும் வாழை கட்டிப் போனார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டுதான் ஏறினாராம். நான் போகவில்லை. கலியாணத்துக்கு எனக்குச் சொல்லவில்லை.

தம்பிமாரே, நான் இதில் கற்றது இரண்டு. தட்டினபோது சத்தம் மாறினால், கிடைக்கிற முதல் காரணத்தோடு நிற்காதீர்கள். பிறகு அந்த இடத்தை வெட்டினபோது உள்ளேயிருந்து ஒரு சட்டி சேறும் ஒரு கிளிப்பும் வந்தன. ஆகவே சேறு இருந்ததும் உண்மை. வெடிப்பு இருந்ததும் உண்மை. உண்மையான காரணம் ஒன்று கிடைத்தபடியால் மற்றதை நான் தேடவில்லை.

இரண்டாவது, வேலைக்குச் சொன்னவருக்கு மட்டும் பழுதைச் சொன்னால் போதாது. அவருக்கு ஆயிரம் யோசனை. மாப்பிள்ளை வீடு, மானம், ஜேர்மனிப் படம். அதில் ஏறுகிற ஆளுக்குக் காட்டுங்கள். வாயால் சொல்லாமல், காட்டுங்கள். அங்கே நான் மொத்தம் பத்து வசனம் பேசியிருக்கமாட்டேன்.

பழைய பாலத்துத் தகட்டில் தட்டு வெட்டி, கையால் துளையிட்டு, கொல்லனிடம் ஆணியைச் சிவக்கக் காய்ச்சி அறைந்து, மூன்று கிழமையில் முடித்தேன். ஒரு கிழமை என்று சொன்னதும் பிழைதான். துளைக்கிற அலகு இரண்டு உடைந்தது. அந்த இடத்தில் பவுடரைச் சுரண்ட வேண்டியிருந்தது. தூவப் பவுடர் மிச்சமில்லை. என்னிடம் இருந்த கறுப்புப் பெயின்றைத்தான் அடித்தேன். முழுச் சட்டமும் சாம்பல், அந்த இடம் மட்டும் கறுப்பு. ஐயா அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். காரை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை நன்றி இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு சந்தியில் ஒரு கூட்டம். நடுவில் சிவப்புக் கார். ஓவசியர் நான்கைந்து பேரைக் குனிய வைத்துக் காருக்கு அடியில் காட்டிக்கொண்டிருந்தார்.

“உந்தக் கறுப்புத் தெரியுதே? அதிலதான் வெடிச்சிருந்தது. ஒருத்தற்ற கண்ணுக்கும் தெரியேல்லை. நான் விரலை வைச்ச உடன பிடிச்சிட்டன். பாஸ் மக்கு வைச்சுப் பூசுவம் எண்டுதான் நிண்டவர். நான்தான் விடேல்லை. பிள்ளையள் ஏறுற வண்டி, உது விளையாட்டே எண்டு கேட்டனான்.”

ஒருவன் நிமிர்ந்து பார்த்து, அங்கே நின்ற என்னைக் கண்டான்.

“உண்மையோ பாஸ்?”

கூட்டம் திரும்பியது. ஓவசியரும் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பயம்கூட இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்பியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. ஒன்பது நாள் சுரண்டிய கை, மூன்று கிழமை துளைத்த கை. வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் வேட்டியின் முழங்கால் இரண்டும் மண். இன்றைக்கு மட்டும் பட்ட மண் இல்லை, பழைய கறையும் இருந்தது. இந்த மனிதர் எங்கே போனாலும் காரை நிறுத்தி, நாலு பேரைக் கூட்டி, தானும் குனிந்து அந்தத் தட்டைப் பார்க்கிறார். ஆணி தளர்ந்தால் அன்றைக்கே காண்பார். நான் கண்டுபிடித்தது என்றிருந்தால் ஒரு நாளும் குனியமாட்டார். மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் காரில்தான் ஏறினாள்.

“ஓம்” என்றேன். “ஐயாதான் பிடிச்சவர்.”